ஐந்து குளிர்காலமும் ஒரே கறுப்புக் கோட்டும்

கேள்வி கேட்டவர் டொராண்டோவை ஒட்டிய மார்க்கமில் இருக்கிறார். ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. அவர் கேட்டது இதுதான்: “400 டாலருக்குள் நல்ல குளிர்காலக் கோட் எது?” ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். ஐந்து வருடக் குளிர்காலப் படங்களை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் அதே கறுப்புக் கோட்டுக்கு மேல் ஒரு முகம் மட்டும் தெரிகிறது, அது தான்தானா என்றே சந்தேகமாக இருக்கிறதாம். உண்மையான கேள்வி அந்த வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நவம்பர் முதல் மார்ச் வரை, காலையில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழிக்காமல், குளிராமல், பார்க்கவும் தன்னைப் போல இருப்பது எப்படி? கோட் இதில் ஒரு பகுதிதான். என் கணக்கில் கடைசிப் பகுதி.

நான் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் துணியின் தரம் பார்க்கும் வேலை. அப்புறம் கல்யாணமாகி இதே டொராண்டோ பக்கம் பிராம்டனுக்கு வந்து, குளிர்கால உடை விற்கும் ஒரு கடையில் ஒன்பது வருடம் நின்றிருக்கிறேன். ஆகவே துணி, நூல், தையல் பற்றி நான் சொல்வதை நம்பலாம். எது யாருக்கு அழகு என்பதில் எனக்குப் படிப்பு கிடையாது, அபிப்பிராயம் மட்டுமே உண்டு. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் நாளை எண்ணிப் பாருங்கள். கராஜிலிருந்து கார், காரிலிருந்து பள்ளி வாசல், அங்கே ஐந்து நிமிடம் நிற்பது, மறுபடி கார், அலுவலகம் அல்லது கடை, மாலையில் இதே வரிசை. ஒரு நாளில் மொத்தமாக அரை மணி நேரம் வெளியில் நின்றால் அதிகம், அதுவும் நான்கைந்து நிமிடத் துண்டுகளாக. மீதி நேரமெல்லாம் 21, 22 டிகிரிக்குச் சூடேற்றிய இடங்கள். டொராண்டோ பக்கம் ஜனவரியில் சராசரியாகப் பகலில் மைனஸ் 1 அளவிலும் இரவில் மைனஸ் 7 முதல் 10 வரையிலும் இருக்கும். காற்று சேர்ந்தால்தான் உறைக்கும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், கனடா வானிலைத் துறையின் கணக்குப்படி தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். சில நாள் இதைவிட மோசமாகவும் போகும். ஆனாலும் நீங்கள் வடதுருவத்துக்குப் போகவில்லை. கடையில் என்னிடம் வந்த அம்மாக்களில் பாதிப் பேருக்கு மேல் குளிரைவிட வேர்வைதான் பிரச்சினையாக இருந்தது. கனத்த கோட்டோடு காய்கறிக் கடைக்குள் இருபது நிமிடம் தள்ளுவண்டி தள்ளினால் முதுகு நனைந்துவிடும். அந்த ஈரத்தோடு வெளியே வந்தால் காற்று உள்ளே புகுந்து எலும்பைத் தொடும். அப்போது கோட் போதவில்லை என்று தோன்றும். உண்மையில் கோட் அளவுக்கு மீறிப் போயிருக்கும்.

இங்கே கொஞ்சம் நூல் பாடம். ஜவுளி படித்தவர்கள் தூக்கத்திலும் சொல்லும் மூன்று எண்கள் உண்டு. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும், கம்பளி சுமார் 16, பாலியெஸ்டர் 0.4. அப்படியானால் கம்பளிதான் அதிகம் நனையும் என்று தோன்றும். நடப்பது வேறு. கம்பளி வேர்வையை ஆவியாகவே நூலுக்குள் இழுத்துக்கொள்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழுத்தாலும் தொட்டால் ஈரம் தெரியாது, சுருள் சுருளான அமைப்பு காற்றையும் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் கிட்டத்தட்ட எதையும் உறிஞ்சாது, அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். பருத்தி நனைந்தால் தொய்ந்து, தோலோடு ஒட்டி, காய நேரமெடுத்து, அந்த நேரமெல்லாம் உடம்புச் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே தோலை ஒட்டிப் போடும் முதல் துணி பருத்தியாக இருக்க வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பருத்தியால் சோறு தின்ற ஊரிலிருந்து வந்தவள் சொல்கிறேன். நாங்கள் மூன்று நூல் ஃபிளீஸ் என்று சொல்லும் பருத்தித் துணியில் தைத்து அனுப்பும் தொப்பி வைத்த பனியன்கள் வீட்டுக்குள் சோபாவில் உட்காரச் சொர்க்கம். பனியில் பிள்ளையோடு பனிமனிதன் செய்யப் போட்டுப் போகாதீர்கள்.

ஆகவே முதல் செலவு உள்ளுடுப்புக்கு. மெரினோ என்ற ஆட்டின் கம்பளியில் மெல்லிய முழுக்கை உள்சட்டை இரண்டு போதும், ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். கம்பளி என்றாலே குத்தும் என்று நம் ஆட்கள் பயப்படுவது ஊட்டிக்குச் சுற்றுலா போய் வாங்கி வந்த ஸ்வெட்டர்களின் நினைவால். குத்துவது கம்பளியின் குணம் இல்லை, இழையின் தடிமன். 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவு தடித்த முனைகள் தோலைக் குத்தும். நல்ல மெரினோ 17 முதல் 19 மைக்ரானுக்குள் இருக்கும். வாடையும் சீக்கிரம் பிடிக்காது, மூன்று நாள் போட்டுவிட்டுத் துவைக்கலாம். காலை அவசரத்தில் இது பெரிய விஷயம். மெரினோ விலை கட்டாது என்றால் யூனிக்லோ என்ற உடைக் கடையின் ஹீட்டெக் போன்ற ரேயான், அக்ரிலிக், பாலியெஸ்டர் கலந்த உள்சட்டைகள் போதும், மெலிதாக இருப்பதால் எதற்குள்ளும் போகும். அந்தத் துணி தானே சூட்டை உண்டாக்கும் என்று விளம்பரத்தில் சொல்வதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும்போது இழையில் கொஞ்சம் சூடு பிறப்பது உண்மைதான், எல்லாக் கம்பளியிலும் அது நடக்கிறது. ஆனால் உங்களைச் சூடாக வைத்திருப்பது பெரும்பாலும் உங்கள் உடம்புதான், துணி அந்தச் சூட்டை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. ஒரு எச்சரிக்கை: மெரினோவை வெந்நீரில் போடாதீர்கள். துணி படித்த நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் என் நல்ல ஸ்வெட்டரை மற்றத் துணிகளோடு சூட்டில் போட்டு, வெளியே எடுத்தபோது அது என் ஆறு வயது மகளுக்குக் கச்சிதமாக இருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்தது நடு அடுக்கு. உங்கள் கடைசி வரிக்கான பதிலே இங்கேதான் இருக்கிறது. கோட்டைக் கழற்றிய பின் அலுவலகத்தில், பள்ளிக் கூட்டத்தில், யார் வீட்டிலாவது தேநீர் குடிக்கும்போது, மற்றவர்கள் பார்ப்பதும் கண்ணாடியில் நீங்கள் பார்ப்பதும் ஸ்வெட்டரைத்தான். ஆனால் பணமெல்லாம் கோட்டுக்குப் போய், உள்ளே ஐந்து வருடத்துக்கு முந்திய சாம்பல் நிற அக்ரிலிக் ஸ்வெட்டர் உருண்டை உருண்டையாகப் பொரிந்துபோய்க் கிடக்கும். நல்ல ஸ்வெட்டர் மூன்று இருந்தால் குளிர்காலம் ஓடிவிடும். புதிதாக வாங்கத் தேவையில்லை. வேல்யூ வில்லேஜ் மாதிரி பழந்துணிக் கடைகளில் தூய கம்பளி ஸ்வெட்டர்கள் தொங்கிக்கொண்டே இருக்கின்றன. லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கனடாவில் என்ன நூல் எத்தனை சதவீதம் என்று லேபிளில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியாக வேண்டும் என்பது சட்டம். பிரெஞ்சில் ‘லேன்’ என்றால் கம்பளி. கம்பளி 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுங்கள். முன்பக்கம் காஷ்மீர் (விலை கூடிய மெல்லிய ஆட்டு ரோமம்) என்று பெரிதாக எழுதி, லேபிளில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் அப்படியே தொங்கவிட்டுவிட்டு வாருங்கள். கக்கத்துப் பக்கத்தை விரலால் இருபது முறை தேய்த்துப் பாருங்கள், அங்கேயே நூல் திரண்டு வந்தால் அது ஒரு மாதத்துக்குத்தான். எங்கள் சோதனைக்கூடத்தில் இதற்கு இயந்திரம் உண்டு, ஆனால் கட்டைவிரலும் அவ்வளவு மோசமில்லை.

இதுவரை சொன்னதை அளந்து பார்க்கலாம். நிறத்தைப் பற்றி நான் சொல்லப்போவது என் கண்ணும் என் ருசியும் மட்டும்தான். இந்த ஊர்க் கடைகளின் குளிர்கால நிறங்கள் ஓட்ஸ் கஞ்சி நிறம், சாம்பல், ஒட்டக நிறம். மாநிறத் தோலில் ஜனவரி வெளிச்சத்தில் இவை முகத்தைக் காய்ச்சல்காரி மாதிரி ஆக்கிவிடுகின்றன என்பது என் எண்ணம். பட்டுப்புடவைக் கடையில் நம் கை தானாகப் போகும் நிறங்கள் இருக்கின்றனவே, அரக்கு, மயில்கழுத்து, பாக்கு நிறம், மாம்பழ மஞ்சள், அவற்றில் ஸ்வெட்டர் தேடுங்கள். பெயர் வேறாக இருக்கும், நிறம் கிடைக்கும். அடர் நிறத்தில் இரண்டு, முகத்துக்கு வெளிச்சம் தரும் ஒன்று. கீழே போடுவதெல்லாம் கறுப்பிலோ கருநீலத்திலோ இருந்துவிட்டால் காலையில் எது எதோடு சேரும் என்று நின்று யோசிக்க வேண்டாம். உடம்பு வாகுக்கு ஏற்ற உடை, பருவத்துக்கு ஏற்ற நிறம் என்று இணையத்தில் ஓடும் அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கால் பகுதியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜீன்ஸ் பருத்தி, நனைந்தால் பலகை மாதிரி ஆகும். உள்பக்கம் பாலியெஸ்டர் ஃபிளீஸ் வைத்த பேண்ட் இரண்டும், ‘பொன்டே’ என்று எழுதியிருக்கும் கெட்டியான இரட்டைப் பின்னல் துணியில் அலுவலகத்துக்கு ஒன்றும் போதும். பொன்டே கிட்டத்தட்ட நம் இன்டர்லாக் பனியன் துணியின் பெரியம்மா மகள். இழுபடும், சுருங்காது, இஸ்திரி வேண்டாம்.

பூட்ஸ் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் சுகம், இது எலும்பு. எனக்கு இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு வணிக வளாகத்தின் பார்க்கிங்கில் பனிக்கட்டி மேல் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. போட்டிருந்தது அழகான, குதிகால் வைத்த, விலை கூடிய பூட்ஸ். கதகதப்பு வேறு, பிடிப்பு வேறு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மைனஸ் 30 வரை தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கும், அடிப்பாகம் கண்ணாடி மாதிரி இருக்கும் ஈரப் பனிக்கட்டியைப் பிடிப்பதற்கும் சம்பந்தமில்லை. டொராண்டோ மறுவாழ்வு ஆய்வு நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு அறை உண்டு. தரை முழுக்க நிஜப் பனிக்கட்டி, தரையைச் சாய்த்துக்கொண்டே போவார்கள், ஆட்கள் பூட்ஸ் போட்டு மேலும் கீழும் நடப்பார்கள். 7 டிகிரி சரிவில் வழுக்காமல் நின்றால் ஒரு பனிப்பூச் சின்னம், அதற்கு மேல் இரண்டு, மூன்று. 2016-இல் ‘ரேட் மை டிரெட்ஸ்’ என்ற இணையதளத்தில் முதல் முடிவுகளை வெளியிட்டபோது, சோதித்த 98 வகைகளில் தேறியவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது நிலைமை அதைவிடப் பரவாயில்லை. பூட்ஸ் வாங்கும் முன் அந்தத் தளத்தில் மாடலின் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத பூட்ஸ் எல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை, யாரும் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

உங்கள் கால் சிறியதென்றால் ஒரு லாபம் இருக்கிறது. பெண்கள் அளவு 7 பெரும்பாலும் சிறுவர் அளவு 5-க்குச் சமம். ஒரே கம்பெனியின் அதே மாதிரி பூட்ஸ் சிறுவர் பிரிவில் விலை குறைவாக இருக்கும். அதோடு, ஒன்டாரியோவில் சிறுவருக்கென்று செய்த காலணியின் உள்தகடு 24.25 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 13 சதவீத வரியில் 8 சதவீதத்தைக் கடையிலேயே கழித்துவிடுவார்கள். கடையில் இதை நான் சொல்லும்போதெல்லாம் அம்மாக்களின் முகத்தில் வரும் பிரகாசம் இருக்கிறதே! வாங்கும்போது தடித்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். விரலை அசைக்க இடமில்லாவிட்டால் எவ்வளவு நல்ல பூட்ஸும் குளிரும். வீட்டுக்கு வந்ததும் தெரு உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தால் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்துவிடுங்கள், விட்டால் தோல் வெடிக்கும்.

சரி, இப்போது கோட். பழையதை எறியும் முன் அதைத் துவைத்துப் பாருங்கள். ஐந்து வருட அழுக்கும் தோல் எண்ணெயும் ஏறினால் உள்ளே அடைத்திருக்கும் வாத்து இறகுத் துய் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகிவிடும். பிடித்து வைக்கக் காற்று இல்லையென்றால் கதகதப்பும் இல்லை. நம் வீடுகளில் கூடுதலாக ஒன்று உண்டு. கோட் மாட்டும் இடம் சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தால் ஐந்து வருடத் தாளிப்பும் மீன்குழம்பும் அதில்தான் குடியிருக்கும். நமக்குத் தெரியாது, லிஃப்டில் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். உள்லேபிளில் துவைக்கலாம் என்று போட்டிருந்தால், முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தில், இறகு உடைக்கென்று விற்கும் திரவ சோப்பில், மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் துவைத்து இரண்டு முறை அலசுங்கள். பிறகு டிரையரில் குறைந்த சூட்டில் மூன்று டென்னிஸ் பந்துகளோடு போடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் எடுத்துக் கட்டிகளைக் கையால் உதிர்க்க வேண்டும். ஜிப் மட்டும் போயிருந்தால் ஓடும் தலையை மாற்றித் தரத் தையற்காரர் போதும், அதற்காகக் கோட்டை மாற்றாதீர்கள்.

துவைத்த பிறகும் எழும்பாவிட்டால் புதிது வாங்குங்கள். அப்போது லேபிளில் இருக்கும் வெப்பநிலை எண்ணை நம்பி வாங்க வேண்டாம். தூங்கும் பைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்று ஒரு பொதுச் சோதனை இருக்கிறது. கடையில் தொங்கும் சாதாரணக் கோட்டுக்கு அப்படி எல்லோரும் பின்பற்றும் அளவுகோல் இல்லை, ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கில் எழுதுவதுதான். 600, 700 என்று போட்டிருக்கும் எண் இறகின் உப்பும் திறன், அதாவது ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பது. அது இறகின் தரத்தைச் சொல்லும், கோட்டுக்குள் எவ்வளவு இறகு இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஆகவே எண்ணைப் பார்த்துவிட்டுக் கையால் அமுக்கியும் பாருங்கள், மெதுவாக எழும்பி வர வேண்டும். டொராண்டோ பக்கம் டிசம்பரிலும் மார்ச்சிலும் ஈரப்பனியும் மழையும்தான் அதிகம், நனைந்தால் இறகு படுத்துவிடும். அதனால் செயற்கைப் பஞ்சு வைத்த கோட் உங்களுக்குக் குறைச்சலே இல்லை, விலையும் குறைவு. ஆயிரம் டாலருக்கு மேல் போகும் கோட்டுகள் நல்ல தையல்தான், ஆனால் மணிக்கணக்காகப் பனியில் நிற்பவர்களை நினைத்துச் செய்தவை. காருக்கும் பள்ளிக்கும் நடுவே அவற்றில் வேர்க்கும்.

கடையில் நின்றபடி மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். ஸ்வெட்டரோடு போட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டீரிங் பிடிப்பது போலக் கையை நீட்டுங்கள். முதுகு இழுத்தாலும் மணிக்கட்டு வெளியே தெரிந்தாலும் வேண்டாம். தொடை வரை நீளம், கீழிருந்தும் திறக்கும் இரட்டை ஜிப், ஆழமான பை, கழுத்து வரை ஏறும் காலர், இவை இருந்தால் போதும். பிள்ளைகளின் கோட்டையும் இதோடு யோசியுங்கள். கார் இருக்கையில் தடித்த கோட்டோடு குழந்தையைக் கட்ட வேண்டாம் என்று கனடாவின் போக்குவரத்துத் துறை சொல்கிறது, கோட்டின் கனத்தில் பெல்ட் இறுகியது போலத் தோன்றுமே தவிர இறுகியிருக்காது. அவர்களுக்கு ஃபிளீஸ் போட்டு, பெல்ட் மாட்டி, மேலே கோட்டைப் போர்வையாகப் போடுங்கள். நிறம் கறுப்பு வேண்டாம் என்பது இந்த முறை என் ருசி மட்டுமில்லை. டிசம்பரில் மாலை 4:40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது, பார்க்கிங்கில் பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள் தெரிய வேண்டும். அதோடு பள்ளி வாசலில் நாற்பது கறுப்புக் கோட்டுகள் நிற்கும். என் மகன் ஒருநாள் ஓடிவந்து வேறு யாரோ ஒருவரின் காலைக் கட்டிக்கொண்டான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்டாரியோ 2014-லும் கனடா நாடாளுமன்றம் 2016-லும் ஏற்றுக்கொண்டன. பொங்கலும் அதே மாதம். ஆக, வருடத்திலேயே அதிகம் புடவை கட்டும் மாதமும் அதிகம் குளிரும் மாதமும் ஒன்றுதான். பட்டு விலங்கு நூல், நன்றாகவே கதகதப்பு தரும். முதுகும் கையும்தான் மாட்டிக்கொள்ளும். கழுத்து மூடிய மெல்லிய மெரினோ சட்டையையே ரவிக்கையாகப் போட்டுக் கட்டிப் பாருங்கள், அரக்குப் புடவைக்குக் கறுப்புச் சட்டை அருமையாக இருக்கிறது. பாவாடைக்குள் ஃபிளீஸ் லெக்கிங்ஸ். கோயிலில் செருப்பைக் கழற்றிய பின் தரை குளிரும், ஆகவே புடவை நிறத்திலேயே நல்ல கம்பளிக் காலுறை. கொசுவத்தைக் காரிலிருந்து வாசல் வரை இரண்டு துணிக்கிளிப் போட்டுத் தூக்கி வையுங்கள், உப்புத் தண்ணீர் ஜரிகையில் பட்டால் கறுத்துவிடும்.

400 டாலரில் நானாக இருந்தால் பூட்ஸுக்கு 140, உள்சட்டைகளுக்கு 90, காலுறைக்கும் கையுறைக்கும் 40, பேண்டுகளுக்கு 80, பழந்துணிக் கடை ஸ்வெட்டர்களுக்கு 40 வைப்பேன். விலைகள் இன்று என் கண்ணில் படுபவை, கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும். மிச்சம் பத்து டாலர், கோட் துவைக்கும் சோப்புக்கு. கோட் கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்றால் டிசம்பர் 26 தள்ளுபடிக் கூட்டத்தில் போய் இடிபடாதீர்கள். பிப்ரவரி நடுவில் கடைகள் வசந்தகாலத் துணிக்கு இடம் காலி செய்யும், அப்போது போனால் நல்ல கோட் பாதி விலையில் தொங்கும், அளவு மட்டும் எல்லாம் இருக்காது. அதுவரை பழைய கோட்டுக்கு மேல் ஒரு மாம்பழ மஞ்சள் சால்வையைச் சுற்றிக்கொண்டு போங்கள். உங்கள் நான்கு வயதுப் பிள்ளைக்குத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.